பிரீமியம் பாண்ட்: இரண்டு வருடம் போட்டுப் பார்த்ததில்

இங்கிலாந்துக்கு வந்த புதிதில் ஆபீஸில் ஒருவர் "இந்த மாசம் எர்னி எனக்கு 50 பவுண்டு கொடுத்தார்" என்று சொன்னார். பணக்காரப் பெரியப்பா யாரோ போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எர்னி ஆள் இல்லை, குலுக்கல் இயந்திரம் என்று பிறகுதான் தெரிந்தது. அது குலுக்குகிற பிரீமியம் பாண்டை நானும் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. வாங்கலாமா என்று கேட்கிற நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

நம்ம ஊரில் அண்ணா காலத்தில், 1968-ல், அரசாங்கம் பரிசுச் சீட்டு விற்றபோது "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்றார்கள். இங்கே விழாவிட்டாலும் காசு வீட்டுக்குத்தான், நடுவில் கொஞ்ச நாள் நாட்டுக்குக் கைமாற்று, அவ்வளவுதான். நீங்கள் போடுகிற பணம் அப்படியே இருக்கும், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். வட்டி மட்டும் கிடையாது. எல்லோருக்கும் சேர வேண்டிய வட்டியை ஒரே பானையில் போட்டு, மாதாமாதம் குலுக்கி, 25 பவுண்டிலிருந்து பத்து லட்சம் பவுண்டு வரை பரிசாகக் கொடுக்கிறார்கள். பத்து லட்சம் மாதம் இரண்டு பேருக்கு. பரிசுக்கு இங்கே வரி இல்லை. விற்பது என்எஸ் அண்ட் ஐ என்கிற அரசு சேமிப்பு நிறுவனம், முழுப் பணத்துக்கும் இந்நாட்டு நிதித்துறை பொறுப்பு, அதனால் பணம் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம்.

சரி, வாங்கும் முறை. ஒரு பவுண்டுக்கு ஒரு பாண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி எண். குறைந்தது 25 பவுண்டுக்கு வாங்க வேண்டும், ஒருவர் 50,000 வரை வைத்திருக்கலாம். முன்பெல்லாம் போஸ்ட் ஆபீஸ் கவுண்டரிலேயே வாங்கலாமாம், அது 2015-ல் நின்றுவிட்டது. இப்போது இணையம், போன், தபால். நான் டெபிட் கார்டில் 1,000 பவுண்டு கட்டினேன், ஆயிரம் எண்கள் என் பெயரில் ஏறின. கையில் சீட்டு எதுவும் வராது. ஆயிரம் பரிசுச் சீட்டை மஞ்சள் பையில் கட்டிக்கொண்டு வருகிற சுகம் இதில் இல்லை, திரையில் ஒரு வரிதான்.

இதில் எல்லோரும் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு, நானும் விட்டேன். வாங்கிய மாதம் கணக்கில் சேராது. அடுத்த மாதம் முழுக்க பாண்டு சும்மா இருக்க வேண்டும். அதற்கடுத்த மாதக் குலுக்கலில்தான் உங்கள் எண்கள் சேரும். ஜனவரியில் எந்தத் தேதியில் வாங்கினாலும் மார்ச் குலுக்கல். எனக்குச் சம்பளம் ஜனவரி 31 அன்று வந்தது, ராத்திரி மாவு அரைத்து, பாத்திரம் கழுவி, பாப்பாவைத் தூங்கவைத்து, லேப்டாப்பைத் திறந்தபோது மணி பன்னிரண்டு பத்து. பிப்ரவரி 1. பத்து நிமிடத்தில் மார்ச் போய் ஏப்ரல் ஆகிவிட்டது. அதனால் வாங்குவதாக இருந்தால் மாதக் கடைசியில் வாங்குங்கள், ஆனால் கடைசி நாள் வரை இழுக்காதீர்கள். மாதம் முதல் வாரத்தில் பணத்தை அங்கே தள்ளுவது கிட்டத்தட்ட இரண்டு மாத வட்டியைத் தானம் செய்வது மாதிரி.

இன்னொரு விஷயம், நம்மைப் போன்றவர்களுக்கென்றே இருப்பது: பெயர். பரிசும் அசலும் வங்கிக்கு வர வேண்டுமானால் இங்கிலாந்தில் உங்கள் சொந்தப் பெயரில் கணக்கு இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் ஆகி, வங்கியில் அதுவே வெறும் இனிஷியலாகச் சுருங்கி, நான் இரண்டு வேறு மனிதர்களாக வாழ்ந்துகொண்டிருந்தேன். வங்கியின் பெயர் வேண்டாம், அங்கே மூன்று முறை நடந்து சரி செய்தேன். அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார். நீங்கள் கணக்கு திறக்கும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

கிடைக்குமா என்பதுதான் எல்லோருடைய கேள்வி. 2025 ஆகஸ்ட் விகிதத்தில் கணக்குப் போட்டேன்: பரிசு நிதி (எல்லோரும் போட்ட மொத்தப் பணத்தில் வருடத்துக்குப் பரிசாகப் போவது) 3.6 சதவீதம், ஒரு பாண்டுக்கு ஒரு மாதத்தில் பரிசு விழும் வாய்ப்பு 22,000-ல் ஒன்று. (இது அடிக்கடி மாறும், 2023 செப்டம்பரில் 4.65 சதவீதம் வரை போனது, வாங்கும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள்.) 100 பவுண்டு போட்டால் சராசரியாக 18 வருடத்துக்கு ஒரு பரிசு, அதுவும் பெரும்பாலும் 25-லிருந்து 100 பவுண்டுக்குள். 1,000 போட்டால் 22 மாதத்துக்கு ஒன்று. ஒரு வருடத்தில் ஒன்றுமே விழாமல் போக நூற்றுக்கு ஐம்பத்தெட்டு வாய்ப்பு. முழு 50,000 வைத்திருப்பவருக்கு மாதம் இரண்டு பரிசுக்குக் கொஞ்சம் மேல். அந்த 3.6 சதவீதத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், பத்து லட்சம் அடித்த அந்த இரண்டு பேரையும் சேர்த்துப் போட்ட சராசரி அது. நமக்கு விழுவது பெரும்பாலும் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

எனக்கு முதல் பரிசு ஏழாவது மாதம் வந்தது. 25 பவுண்டு. காலையில் மெயிலைப் பார்த்துவிட்டு சமையலறைக்கு ஓடினேன். "என்னங்க, இருபத்தஞ்சா? பொங்கல் சாமானுக்கே பத்தாது" என்றாள் மனைவி. அவள் பெயரில் போட்ட 200 பவுண்டுக்கு இதுவரை ஒன்றும் விழவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

ஆகவே யாருக்கு இது சரி? சேமிப்பு வட்டியில் சாதாரண வரிக்காரருக்கு வருடம் 1,000 பவுண்டும், 40 சதவீத வரிக்காரருக்கு 500 பவுண்டும் வரியில்லாமல் விடுகிறார்கள். அதைத் தாண்டியவர், ஐசா என்கிற வரியில்லாச் சேமிப்புக் கணக்கின் 20,000 பவுண்டு வருட வரம்பையும் நிரப்பியவர், வீடு விற்ற பணத்தைக் கொஞ்ச நாள் வைக்க இடம் தேடுகிறவர், இவர்களுக்குப் பொருத்தம். என்னைப் போல ஆயிரம் இரண்டாயிரம் வைத்திருப்பவருக்கு நல்ல வட்டி தருகிற சாதாரணக் கணக்கே லாபம், விலைவாசி ஏறுகிற வேகத்தில் பரிசு விழாத ஆயிரம் தேய்ந்துகொண்டே போகும். தெரிந்தும் ஏன் வைத்திருக்கிறேன் என்றால், லாட்டரி டிக்கெட் வாங்கும் கை அரிப்புக்கு இது மலிவான மருந்து.

பழைய கதையும் கொஞ்சம் சுவாரஸ்யம். 1956 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ஹெரால்ட் மேக்மில்லன் இதை அறிவித்தார், நவம்பர் 1-ல் விற்பனை, 1957 ஜூனில் முதல் குலுக்கல், அன்றைக்குப் பெரிய பரிசே 1,000 பவுண்டு. எதிர்க்கட்சியில் இருந்த ஹெரால்ட் வில்சன் இதைக் கேவலமான ராஃபிள் (பரிசுக் குலுக்கல்) என்று திட்டினார், பிறகு அவரே பிரதமராகியும் இதை நிறுத்தவில்லை. முதல் எர்னியைச் செய்தது லண்டன் டொலிஸ் ஹில்லில் இருந்த தபால் துறை ஆராய்ச்சி நிலையம், இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் ரகசியச் செய்திகளை உடைக்க கொலாசஸ் இயந்திரத்தைக் கட்டிய அதே ஆட்கள். வெம்பிளிக்கு முருங்கைக்காய் வாங்க ஜூபிலி லைன் ரயிலில் போகிறவர்கள் டொலிஸ் ஹில் ஸ்டேஷனை எத்தனை முறை கடந்திருப்பீர்கள்! இப்போது ஓடுவது ஐந்தாவது எர்னி, 2019-ல் வந்தது, ஒளியின் குவாண்டம் இயல்பை வைத்து எண்களை உருவாக்குகிறது. குலுக்கல் நிமிடக் கணக்கில் முடிந்துவிடுகிறது.

பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் அந்தக் காலத்துக் காகித பாண்டு இருக்கிறது, அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது தாத்தா வாங்கிக் கொடுத்த ஒரு பவுண்டு, பிஸ்கட் டப்பாவில் மடித்து வைத்திருக்கிறார், மடிப்பில் காகிதம் கிழியப் பார்க்கிறது. அந்த ஒரு எண் இன்றும் மாதாமாதம் குலுக்கலில் இருக்கிறது. வீடு மாறி, முகவரி மாறி, யாரும் வாங்காமல் கிடக்கிற பரிசுகள் 20 லட்சத்துக்கும் மேல், அவற்றுக்குக் காலக்கெடுவும் இல்லை. உங்கள் பழைய வீட்டு முகவரியில் பாண்டு இருந்தால் இன்றே மாற்றுங்கள்.

பணத்தைத் திரும்ப எடுப்பது சுலபம். போன மாதம் பாய்லர் உயிரை விட்டது, 600 பவுண்டு தேவைப்பட்டது. எடுக்கப் போனால் "இப்போதேவா, அடுத்த குலுக்கல் முடிந்த பிறகா" என்று கேட்கிறது. ஆசை யாரை விட்டது, வெந்நீர் இல்லாமல் கெட்டிலில் காய்ச்சிக் குளித்துக்கொண்டு, குலுக்கல் முடிந்த பிறகு என்பதை அழுத்தினேன். ஒன்றும் விழவில்லை. 600 பவுண்டு வந்தது, அப்படியே பாய்லர் ஆளுக்குப் போனது.