வன்னியில் நடக்க: ஸீரோ டிராப்பா, குதி உயர்ந்த சப்பாத்தா?

வழக்கமான ஓட்டச் சப்பாத்துகள் பலவற்றில் குதிப்பக்கம் விரல்பக்கத்தைவிட 8 முதல் 12 மில்லிமீற்றர் உயர்ந்திருக்கும். ஸீரோ டிராப்பில் இரண்டும் ஒரே உயரம். அதற்காக அடி மெல்லியது என்று நினைக்க வேண்டாம். அல்ட்ரா (Altra) கம்பனியின் சப்பாத்துகள் போன்றவை தடித்த மெத்தையோடும் வருகின்றன.

எனக்கு வன்னிக்கு ஏற்றது ஸீரோ டிராப்தான். இரணைமடுக் குளக்கட்டு, கிரவல் றோட்டு, வயல் வரம்பு என்று பெரும்பாலும் மட்டமான தரை. கால் நிலத்தை நன்றாக உணரும். பல ஸீரோ டிராப் சப்பாத்துகளுக்கு முன்பக்கமும் அகலம். சித்திரை வெயிலில் கால் வீங்கினாலும் சின்ன விரல் உரசாது. முழங்காலுக்கும் சுமை சற்றுக் குறையும்.

ஆனால் அந்தச் சுமை கெண்டைக்காலுக்கும் குதிநாணுக்கும் போகிறது. வாங்கிய அன்றே நான் காலை முழுக்க நடந்தேன். மறுநாள் வாசற்படி இறங்கவே தூணைப் பிடிக்க வேண்டியிருந்தது, கெண்டைக்கால் கல்லாக இறுகிவிட்டது. ஆகவே முதலில் அரை மணித்தியாலம் போதும், அப்புறம் வாரம் வாரமாகக் கூட்டுங்கள். வெறுங்காலோடு திரிந்து வளர்ந்தவர்களுக்குச் சீக்கிரம் பழகும்.

குதிநாணில் ஏற்கெனவே நோ உள்ளவர்கள் குதி உயர்ந்ததையே போடுங்கள்.

காட்டுக்குள் போவதென்றால் எதை வாங்கினாலும் அடியை விரலால் அழுத்திப் பாருங்கள். மெல்லியதென்றால் முள் ஏறிவிடும். மாரியில் களி அப்பிக்கொள்ளும். அதற்கு அடியில் இடைவெளி விட்ட ஆழமான பற்கள் வேண்டும்.