பொதுக் கருவிக்கூடம்: மூன்று ஆண்டுப் பயனாளரின் மதிப்பீடு

முனைவர் பட்ட ஆய்வுக்காக ஒரு பல்கலைக்கழக உயிர்மருத்துவ அறிவியல் புலத்தின் பொதுக் கருவிக்கூடத்தை மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். தனி ஆய்வகம் ஒன்று சொந்தமாக வாங்கிப் பராமரிக்க இயலாத ஃப்ளோ சைட்டோமீட்டர், மாதிரியை அடுக்கடுக்காகத் துல்லியமாகப் படமெடுக்கும் கான்ஃபோகல் நுண்ணோக்கி, மிக வேகமாகச் சுழற்றி நுண்துகள்களைப் பிரிக்கும் அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ் ஆகியவை அங்கே ஒரே தளத்தில் இருக்கின்றன.

மிகுந்த நிறைவளித்தது ஃப்ளோ சைட்டோமீட்டர் அறைதான். செல்களை ஒவ்வொன்றாக லேசரின் குறுக்கே ஓடவிட்டுச் சிதறும் ஒளியையும் சாயத்தின் ஒளிர்வையும் அளக்கும் இக்கருவியில் ஒன்றோடொன்று ஒட்டிய செல் திரள் ஒன்று சிக்கி வழி அடைபட்டால், அன்று காத்திருக்கும் அனைவருக்கும் வேலை கெடும். அதனால், மாதிரியை 40 மைக்ரான் வலையில் வடிகட்டியாயிற்றா என்று கேட்காமல் டெக்னீஷியன் குழாயைக் கையில் வாங்குவதில்லை. முதல் நாள் நான் ஒற்றைச் சாயக் கன்ட்ரோல்களை, அதாவது ஒரே ஒரு சாயம் மட்டும் ஏற்றிய ஒப்பீட்டு மாதிரிகளை, கொண்டுபோக மறந்திருந்தேன். "அது இல்லாம வர்ற நம்பரை நீங்களே நம்ப மாட்டீங்க தம்பி" என்று திருப்பி அனுப்பிவிட்டார். எரிச்சலாகத்தான் இருந்தது. மறுவாரம், ஒரு சாயத்தின் ஒளிர்வு அடுத்த சாயத்துக்குரிய உணரியில் கசிவதைத் திரையில் காட்டி, அதைக் கழிக்கும் முறையை அரை மணி நேரம் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார்.

கான்ஃபோகல் அறையைப் பற்றி அவ்வாறு சொல்ல முடியவில்லை. நுண்ணோக்கி நல்ல நிலையில் உள்ளது. ஆனால் ஏசி நின்று நின்று ஓடுவதால் அறை வெப்பம் ஏறி இறங்கி, நீண்ட நேரப் பதிவுகளில் குவியம் விலகிவிடுகிறது. இரண்டு முறை நான்கு மணி நேரப் பதிவு வீணாயிற்று, கட்டணம் மட்டும் திரும்பி வரவில்லை. லேசர் சூடாகும் நேரத்துக்கும் சேர்த்துப் பணம் வாங்குவது, புராஜெக்ட் நிதி இல்லாத மாணவர்களுக்குப் பெரும் சுமை.

முன்பதிவு இணையத்தில் நடப்பதாகப் பெயர்; உண்மையில் வாசலில் கிடக்கும் லாக் புக்கே இறுதித் தீர்ப்பு. அரசு நிதியில் வாங்கிய கருவிகளை வெளி நிறுவனத்தாரும் பயன்படுத்த வகைசெய்யும் ஐ-ஸ்டெம் தளம் 2020இல் தொடங்கப்பட்டது. நடைமுறை இவ்வாறே நீடித்தால், அதன் வழியாக வெளியூர்க் கல்லூரியிலிருந்து ஐஸ் பெட்டியோடு வரும் மாணவி யாரிடம் ஸ்லாட் கேட்பார்?

புதிதாகச் செல்வோர் காலை ஸ்லாட் கேட்பது நல்லது. மாலையில் ஃப்ளோ சைட்டோமீட்டரின் கடைசி ஸ்லாட் எடுத்தால், ப்ளீச்சும் பின்னர்த் தூய நீரும் ஓட்டிக் கருவியைக் கழுவும் பொறுப்பு உங்களுடையது. அந்த நேரத்துக்கும் கட்டணம் உண்டு.