திரையரங்கப் பதிப்பா, நீண்ட பதிப்பா?

பள்ளி விடுமுறையில் பினாங்கில் நம்ம பசங்க டோல்கீன் நாவலை மூன்று பாகமாக எடுத்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களைப் பார்க்க உட்கார்ந்தாலே இந்த வாக்குவாதம் கிளம்பிவிடும்.

நேரம்: திரையரங்கப் பதிப்பில் முதல் பாகம் 178 நிமிடம். வெட்டிய காட்சிகளைச் சேர்த்த நீண்டதில் அரை மணி நேரம் கூடும்; மூன்றாம் பாகம் நான்கு மணியைத் தாண்டும்.

நாவலுக்கு நெருக்கம்: வாசகர்கள் கொதிப்பதே இங்கேதான். குள்ளர் இனத்து வீரன் கிம்லி ஒரே ஒரு முடியிழை கேட்க, எல்ஃப் இனத் தலைவி கலாட்ரியேல் மூன்று கொடுத்ததை அவன் நெகிழ்ந்து சொல்லும் இடம் நீண்ட பதிப்பில்தான் உண்டு. திரையரங்க மூன்றாம் பாகத்தில் வில்லன் மந்திரவாதி சாருமான் தலையே காட்டுவதில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை. நாவலில் வரும் டாம் பாம்படில்? இரண்டிலுமே கிடையாது.

விறுவிறுப்பு: குறுகியதற்கே.

நாவல் படித்தவர்கள் தீபாவளி லீவில் நீண்டதையே பாருங்கள். கதை தெரியாத அத்தை குடும்பம் பட்டர்வொர்த்திலிருந்து வந்திருந்தால், குறுகியதே சரி.