மலையுச்சி ரிப்பீட்டருடன் 11 வருடம்

திண்டுக்கல் பக்கத்து மலை ஒன்றில் எங்கள் ஹாம் (அமெச்சூர் வானொலி) நண்பர்களின் ரிப்பீட்டர் நிற்கிறது. 2 மீட்டர் அலைநீளப் பட்டையில் பலவீனமான சிக்னலைக் கேட்டு, வலுவாகத் திருப்பி அனுப்பும் கருவி அது. 2014-இல் அந்த அறையின் சாவி என் கைக்கு வந்தது. அன்றிலிருந்து எனக்கு வந்த புகார்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான் இருக்கும்: "சார், யாரோ குறுக்கே வர்றாங்க." மேலே ஏறிப் பார்த்தால் அந்த 'யாரோ' அநேகமாக எங்கள் வீட்டு ஆளாகவே இருப்பார். எங்கள் கேபிள், எங்கள் பவர் சப்ளை, எங்கள் டவரில் நாங்களே கழற்றாமல் விட்ட துருப்பிடித்த போல்ட். இதைப் புரிந்துகொள்ள எனக்கு நான்கைந்து வருடம் ஆனது. நடுவில் தேவையே இல்லாமல் ஒரு ரிசீவரும் வாங்கினோம். புதிதாக ரிப்பீட்டர் வைக்கப்போகும் நண்பர்களுக்கு அந்தக் காலமும் பணமும் மிச்சமாகட்டும்.

கணக்குக்கு எளிதாக, ரிப்பீட்டர் 145.150 மெகாஹெர்ட்ஸில் கேட்டு, அதே நொடியில் 145.750-இல் திருப்பிச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 600 கிலோஹெர்ட்ஸ். இரண்டுக்கும் ஒரே ஆன்டெனா. டிரான்ஸ்மிட்டர் 25 வாட் கொட்டுகிறது என்று கொள்வோம். ரிசீவர் கேட்க வேண்டியதோ 0.25 மைக்ரோவோல்ட். இந்த இரண்டு சக்திக்கும் உள்ள விகிதம் 163 டெசிபல். 2 என்று எழுதி அதன் பின்னால் 16 சுழி போட்டால் வரும் எண் அது. காதுக்குப் பக்கத்தில் தவில் அடித்துக்கொண்டே, அடுத்த தெருவில் ஒருவர் கிசுகிசுப்பதைக் கேட்கச் சொல்வது போன்ற வேலை. டூப்ளெக்சர் என்கிற, ஆறு கேவிட்டி (உலோக உருளை) கொண்ட வடிகட்டிதான் இதைச் சாத்தியமாக்குகிறது. அதற்கு வெளியே ஒரு தளர்ந்த கனெக்டர் இருந்தால்கூட ரிசீவரின் காது அடைத்துக்கொள்ளும்.

இந்தக் காது அடைப்பைத்தான் நாங்கள் டீசென்ஸ் என்கிறோம். அதைக் கண்டுபிடிக்க 11 வருடமாக ஒரே சோதனையைத்தான் செய்கிறேன். தொலைவில் இருக்கும் நண்பர் ஒருவரை பவரைக் குறைத்துக்கொண்டே வரச் சொல்வேன். அவர் குரல் இரைச்சலோடு அரைகுறையாகக் கேட்கும் அளவுக்கு வந்ததும், ரிசீவரின் ஸ்பீக்கரில் காதை வைத்தபடி டிரான்ஸ்மிட்டரை அணைப்பேன், போடுவேன், மறுபடி அணைப்பேன். அணைத்ததும் குரல் தெளிந்தால் குற்றவாளி எங்கள் அறையிலோ டவரிலோ இருக்கிறான். அணைத்தும் இரைச்சல் மாறவில்லை என்றால்தான் வெளியே தேட வேண்டும். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் நான் பார்த்த எந்தப் பழுதும் சீக்கிரம் தீர்ந்ததில்லை.

2015 ஐப்பசி மழையில் வந்த 'சரசர' சத்தம் என்னை மிகவும் படுத்தியது. காற்று வீசினால் வரும், நின்றால் போய்விடும். வலுவான சிக்னல்களில் தெரியாது. தூரத்திலிருந்து பேசுகிறவர்களின் குரல் மட்டும் சருகில் நடப்பதுபோல உடையும். பக்கத்து மலையின் ஒலிபரப்பு டவர் மேல் எல்லோருக்கும் சந்தேகம். சோதனையில் டிரான்ஸ்மிட்டரை அணைத்தால் சத்தம் இல்லை. அடுத்து டூப்ளெக்சரில் ஆன்டெனாவைக் கழற்றி டம்மி லோடு (சக்தியை வெளியே விடாமல் தானே வாங்கிக்கொள்ளும் போலி ஆன்டெனா) மாட்டினோம். பலவீனமான சிக்னலை ரிசீவர் வழியில் ஒரு டி கனெக்டர் மூலம் கொடுத்தோம். அப்போதும் சத்தம் இல்லை. அப்படியானால் பெட்டிக்குள் எல்லாம் சரி, கோளாறு டூப்ளெக்சரைத் தாண்டி மேலே இருக்கிறது.

ஆன்டெனாவை மாட்டிவிட்டு, ஒரு மூங்கில் குச்சியால் டவரின் ஒவ்வொரு இணைப்பையும் தட்டிக்கொண்டே போனோம். கீழே ஒருவர் ஸ்பீக்கரைக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ஆன்டெனா, கிளாம்ப், கேபிள் எதிலும் ஒன்றும் இல்லை. யாரோ எப்போதோ கட்டிவிட்டுப் போன பழைய டிவி ஆன்டெனாவின் துருப்பிடித்த யு-போல்ட்டைத் தட்டியதும் கீழிருந்து கத்தல்: "அதேதான், அதேதான்!" இரும்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் படிந்த துரு ஒரு டயோடு மாதிரி வேலை செய்யும். எங்கள் டிரான்ஸ்மிட்டரின் சக்தி அதில் விழுந்து, காற்றில் அந்தத் தொடுகை ஆட ஆட, அகலமான இரைச்சலாக ரிசீவருக்கே திரும்பியிருக்கிறது. அந்த ஆன்டெனாவைக் கழற்றி இறக்கினோம், சத்தம் அன்றோடு போனது. அப்புறம் டவரில் பயன்படாத எந்த இரும்பையும் விட்டுவைப்பதில்லை. இரும்புக் கம்பி, சங்கிலி எதுவும் ஆன்டெனா பக்கத்தில் தொங்கக் கூடாது.

கேபிள் விஷயத்தில் என் கருத்து உறுதியானது. அலுமினியத் தாளும் அதன் மேல் செம்புப் பின்னலும் உள்ள குறை-இழப்பு கேபிள் வீட்டு ஸ்டேஷனுக்கு அருமையாக இருக்கும். ஆனால் ஒரே கேபிளில் அனுப்பலும் வாங்கலும் ஒன்றாக நடக்கும் ரிப்பீட்டருக்கு அது ஆகாது. இரு உலோகங்களும் ஒன்றோடொன்று உரசி, நாளாக ஆக இரைச்சல் தரும். நாங்கள் அதைப் போட்டபோது முதல் எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. அதனாலேயே சந்தேகம் அதன்மேல் போகவில்லை. இந்தக் கட்டத்தில்தான் ரிசீவரைக் குற்றம் சொல்லிப் புதிதாக ஒன்று வாங்கினோம். கடைசியில் அறைக்குள் இருக்கும் ஜம்பர்களை (குட்டி இணைப்புக் கேபிள்களை) எல்லாம் வெள்ளி முலாம் பூசிய இரட்டைப் பின்னல் உள்ள ஆர்ஜி-214 கேபிளுக்கு மாற்றினோம். மேலே போவதற்கு அரை அங்குல ஹீலியாக்ஸ் (நெளிந்த செம்புக் குழாயை உறையாகக் கொண்ட கேபிள்). 2017-இல் போட்டது இன்றும் அப்படியே ஓடுகிறது. கனெக்டருக்கு மேல் ரப்பர் டேப்பைச் சுற்றி, அதற்கு மேல் சாதாரண கறுப்பு டேப்பைச் சுற்ற வேண்டும். கடைசிச் சுற்று கீழிருந்து மேலாகப் போனால் ஓட்டு வேய்ந்தது போல மழைநீர் வழிந்துவிடும்.

பவர் சப்ளையின் கதை வேறு மாதிரி. எடை குறைவு என்று பழைய டிரான்ஸ்ஃபார்மர் சப்ளையை எடுத்துவிட்டு ஒரு எஸ்எம்பிஎஸ் (மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டி மாற்றும் சப்ளை) வைத்தோம். காலையில் நன்றாக இருக்கும், மதியம் ரிப்பீட்டர் செவிடாகிவிடும், சாயங்காலம் தானாகச் சரியாகும். வெயில் ஏற ஏற அதன் ஸ்விட்சிங் வேகம் நகர்ந்து, அதன் இரைச்சல் மேடுகளில் ஒன்று சரியாக எங்கள் கேட்கும் அலைவரிசையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளை (அலைவரிசைகளைத் திரையில் படமாகக் காட்டும் சின்ன ரிசீவரை) லேப்டாப்பில் சொருகி, சின்ன ஆன்டெனாவை அறைக்குள் நகர்த்திப் பார்த்தபோது அந்த மேடுகள் கண்ணுக்குத் தெரிந்தன. அந்த எஸ்எம்பிஎஸ்ஸைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் மட்டும் ஓட்டியதும் அவை மறைந்தன. அன்று மாலையே கனமான டிரான்ஸ்ஃபார்மர் சப்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு மறுபடி மேலே ஏறினோம். சோலார் சார்ஜ் கன்ட்ரோலர், எல்இடி விளக்கு எல்லாவற்றுக்கும் இதே பிடுங்கிப் பார்க்கும் சோதனைதான். சப்ளைக்குள் பல்லி புகுந்து ஷார்ட் ஆனதும் உண்டு. காற்றுத் துளைகளுக்குக் கொசுவலை அடித்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

இனி உண்மையிலேயே வெளியிலிருந்து வந்த குறுக்கீடு. 2019-இல் எங்கள் டவருக்குப் பக்கத்திலேயே ஒரு தனியார் வயர்லெஸ் நிலையம் வந்தது. அதன் பிறகு யாராவது சிக்னல் கொடுத்து ரிப்பீட்டரைத் தொட்டாலே, அவர் விட்ட பிறகும் அது விடாமல் பேசிக்கொண்டே இருக்கும். நடுவில் லாரி, லோடு என்று வேறு யாரோ பேசுவது சிதைந்து கேட்கும். மூன்று நிமிடத்தில் டைம்-அவுட் ஆகி அடங்கும். யாரும் தொடாதவரை ஒரு தொந்தரவும் இல்லை.

விஷயம் இதுதான். அவர்கள் அலைவரிசை, நம் கணக்கில் சொன்னால், 146.350. இரண்டு சிக்னல்கள் கலந்தால் புது அலைவரிசைகள் பிறக்கும். எங்கள் 145.750-ஐ இரண்டால் பெருக்கி அதிலிருந்து 146.350-ஐக் கழித்தால் வருவது 145.150. சரியாக எங்கள் காது. எங்கள் டிரான்ஸ்மிட்டர் ஓடும்போது மட்டும்தான் இந்தக் கலவை பிறக்கும். அதனால்தான் யாரும் தொடாதவரை அமைதி. சரி, 88.5 ஹெர்ட்ஸ் டோன் (பேச்சோடு சேர்ந்து வந்தால்தான் ரிப்பீட்டரைத் திறக்கவிடும் தாழ்ந்த ஒலி) வைத்திருந்தோமே, அது ஏன் தடுக்கவில்லை? எங்கள் டிரான்ஸ்மிட்டரும் அதே டோனை அனுப்பிக்கொண்டிருந்தது. கலவையில் எங்கள் சிக்னல் இரட்டித்து வருவதால் டோனும் இரு மடங்கு வலுவோடு திரும்பி வந்து, கதவை உள்ளிருந்தே திறந்து பிடித்திருக்கிறது. இதை ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

கலவை எங்கே நடக்கிறது என்று தெரிய வேண்டும். ரிசீவர் வாயில் 6 டெசிபல் அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் கருவி) வைத்தால், கலவை சிக்னலும் 6 டெசிபல் குறைந்தால் அது வெளியே பிறந்து வருகிறது, 18 டெசிபல் சரிந்தால் ரிசீவருக்குள்ளேயே பிறக்கிறது. எங்களுக்கு 6 தான் குறைந்தது. அவர்கள் சக்தி எங்கள் ஆன்டெனா வழியாக இறங்கி, எங்கள் டிரான்ஸ்மிட்டரின் கடைசி நிலையில் எங்கள் சிக்னலோடு கலந்துகொண்டிருந்தது. டிரான்ஸ்மிட்டருக்கும் டூப்ளெக்சருக்கும் நடுவில் ஒரு ஐசொலேட்டர் (சக்தியை ஒரு திசையில் மட்டும் விடும் கருவி) வைத்தோம். அதிலுள்ள ஃபெரைட் என்கிற காந்தப் பொருள் தானே ஹார்மோனிக் (நம் அலைவரிசையின் மடங்குகள்) கிளப்பும் என்பதால் அதற்குப் பின்னால் ஒரு லோ-பாஸ் ஃபில்டர் (மேல் அலைவரிசைகளைத் தடுக்கும் வடிகட்டி). வெளியே அனுப்பும் டோனை வேறொன்றாக மாற்றினோம். பக்கத்து நிலையத்தின் டெக்னீஷியனிடம் அந்தக் காகிதக் கணக்கைக் காட்டியபோது, அவரும் தன் பக்கம் ஒரு ஐசொலேட்டர் வைத்துக் கொடுத்தார். சண்டைக்குப் போகாமல் கணக்கோடு போனதால் நடந்தது அது.

அடிவாரத்தில் ஒரே ஒரு தெருவில் மட்டும் ரிப்பீட்டரில் சீரியல் வசனம் கேட்கிறது என்று முன்பு ஒரு புகார் வரும். அனலாக் கேபிள் டிவியின் எஸ்-6 சேனலுக்குப் படம் 140.25, ஒலி அதைவிட 5.5 மெகாஹெர்ட்ஸ் மேலே, அதாவது 145.75. கம்பத்தில் தோல் உரிந்த கேபிளிலிருந்து ஒலி கசிந்து நேராக அந்தத் தெரு ஹேண்டிகளில் (கைச் செட்களில்) விழுந்திருக்கிறது. ரிப்பீட்டருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கேபிள்காரத் தம்பி இணைப்பை மாற்றியதும் தீர்ந்தது. அதேபோல, கோடைக் காலைகளில் காற்றடுக்கு வழியாகப் பல நூறு கிலோமீட்டர் தாண்டி, அதே அலைவரிசை ஜோடியில் இருக்கும் வேறு ரிப்பீட்டர் பயனர்கள் எங்களைத் திறந்துவிடுவதும் உண்டு. அதற்கு வேறு டோன் போதும், வெயில் ஏறினால் அதுவே போய்விடும்.

'ஜாமிங்' என்று பெரிய பரபரப்பானது ஒரு தடவைதான். இரண்டு நாளாக வெறும் கேரியர், பேச்சே இல்லை. ஸ்டீல் டேப்பை வெட்டிச் செய்த மூன்று எலிமென்ட் யாகியோடு (திசை கண்டுபிடிக்கும் ஆன்டெனாவோடு) தேடிப் போனோம். கிட்டே நெருங்கினால் எந்தப் பக்கம் திரும்பினாலும் மீட்டர் முட்டிக்கொள்ளும். அப்போது மூன்றாம் ஹார்மோனிக்கான 435.450-இல் கேட்டால் திசை மறுபடி பிடிபடும். போய் நின்றது எங்கள் மூத்த நண்பர் ஒருவரின் கார் முன்னால். சீட் இடுக்கில் மைக் சிக்கி பிடிடி (பேசும் பொத்தான்) அழுந்தியிருந்தது. அவர் பதறிப் போய்விட்டார், எங்களுக்கும் கஷ்டமாக இருந்தது. ரிப்பீட்டரில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

டூப்ளெக்சர் பற்றி ஒரு எச்சரிக்கை. நானோவிஎன்ஏ என்கிற கையடக்க அளவுக் கருவி வந்த பிறகு டியூனிங் எளிதாகிவிட்டது, உண்மைதான். கடந்துபோகும் இழப்பை 1.5 டெசிபலுக்குக் கொண்டுவர அது மிக நல்ல கருவி. ஆனால் நாட்ச் (வேண்டாத அலைவரிசையைத் தடுக்கும் பள்ளம்) 90 டெசிபல் ஆழம் போக வேண்டிய இடத்தில், அந்தச் சின்னக் கருவியின் கண் 70-ஐத் தாண்டினால் மங்கிவிடும். அதற்குக் கீழே திரையில் தெரிவதை நம்பி திருகாதீர்கள். கடைசிக் கால் சுற்றை, பலவீன சிக்னலைக் கேட்டுக்கொண்டே காதால்தான் வைக்கிறேன். மழை பெய்து குளிர்ந்த நாளில் செய்யாமல், அறை அதன் வழக்கமான சூட்டில் இருக்கும்போது செய்வது நல்லது.

டிரான்ஸ்மிட்டராக வைத்திருப்பது 50 வாட் மொபைல் செட். அதை 20 வாட்டுக்கு இறக்கி, ஃபேன் வைத்திருக்கிறோம். கார் செட்டுக்கு இடைவிடாமல் பேசிப் பழக்கமில்லை. முழு பவரில் வைத்த முதல் செட் ஒரே கோடையில் போய்விட்டது. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பக்கமாக மேற்கே கடந்தபோது மின்சாரம் போய், இரண்டு நாளுக்கு மேல் பேட்டரியில் ஓடியது. எந்தச் சாலையில் மரம் விழுந்திருக்கிறது, யார் வீட்டில் பத்திரம் என்ற செய்திகள் அந்த 20 வாட்டில் போயின. குறைந்த பவரில் வைத்திருந்ததால்தான் பேட்டரி தாங்கியது.

அறையில் ஒரு 80 பக்க நோட்டு தொங்குகிறது. போகிறபோதெல்லாம் தேதி, அறையின் சூடு, முன்னோக்கிப் போகும் பவர், திரும்பி வரும் பவர், டீசென்ஸ் எத்தனை டெசிபல், என்ன தொட்டோம் என்று எழுதுகிறோம். ஒரே நாளில் இரண்டு பொருளை மாற்றுவதில்லை. போன மாதம் எழுதியது: வழியில் இழந்தது போக ஆன்டெனாவுக்குப் போகும் பவர் 13 வாட், திரும்புவது அரை வாட்டுக்கும் கீழே, டீசென்ஸ் 1 டெசிபல். திரும்பும் பவர் சித்திரையில் இருந்ததைவிடக் கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஆன்டெனாவின் அடி கனெக்டரில் ஈரம் ஏறியிருக்கலாம் என்று நினைக்கிறேன். மழை பிடிப்பதற்குள் ரப்பர் டேப்போடு ஒரு நடை போக வேண்டும்.