கூடாரப் பயணத்துக்கு எந்த வள்ளம்? இழுத்துப்போவதா, கூரையில் கட்டுவதா, காற்றடிப்பதா, வாடகைக்கு எடுப்பதா

ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் கோடையில் கூடாரம் அடிக்க ஐந்து மாதத்துக்கு முன்னரே, காலை 7 மணிக்குக் கணினி முன்னால் உட்கார்ந்து இடம் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்த இடத்துக்குப் போய், எதிரே அவ்வளவு பெரிய ஏரி கிடக்க, கரையில் நின்று தூண்டில் எறிந்து பாசியை இழுத்துக்கொண்டிருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. அதனால் கடந்த சில கோடைகளில் நாலு வழியையும் செய்து பார்த்துவிட்டோம். நாங்கள் ஐந்து பேர்: நான், மனைவி, 11 வயது மகன், 7 வயது மகள், என் அம்மா. வாகனம் ஏழு இருக்கை வான்.

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். ஒரே ஏரியில் மூன்று இரவுக்கு மேல் தங்குவதென்றால், ட்ரெயிலரில் இழுத்துப்போகும் சின்ன அலுமினிய வள்ளம்தான். இரண்டு இரவு என்றால் அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

முதலில் வாங்கியது காற்றடிக்கும் வள்ளம். மடித்தால் வானின் பின்பக்கத்தில் ஒரு மூலைக்குள் அடங்கும், விலையும் குறைவு. பிள்ளைகள் கரையோரம் விளையாடவும் காலை நேரத்துச் சலனமில்லாத தண்ணீரில் சின்னப் பேர்ச் மீன் பிடிக்கவும் அது போதும். ஆனால் காற்று வந்தால் அதை நம்பக்கூடாது. அடிப்பகுதி தண்ணீருக்குள் இறங்காமல் மேலே மிதப்பதால், துடுப்புப் போட்டு நீங்கள் ஒரு பக்கம் போக, காற்று அதை இன்னொரு பக்கம் தள்ளும். ரைஸ் ஏரி கிட்டத்தட்ட 32 கிலோமீட்டர் நீளம், தென்மேற்கிலிருந்து வடகிழக்காகக் கிடக்கிறது, ஆழமும் குறைவு. தென்மேற்குக் காற்று எழும்பினால் முழு நீளத்துக்கும் அலை ஏறிக்கொண்டே வரும், ஆழமில்லாத தண்ணீர் என்பதால் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் அடிக்கும். ஒரு மத்தியானம் மகனோடு கரைக்குத் திரும்ப நாற்பது நிமிடம் துடுப்புப் போட்டேன். போனபோது பத்து நிமிடத்தில் போன தூரம் அது. அப்புறம் ஒரு மின் மோட்டர் பூட்டினேன். அதற்கான டீப் சைக்கிள் பற்றரியே (நெடுநேரம் மெதுவாக மின்சாரம் கொடுக்கும் வகை) 25 கிலோ அளவில் கனத்தது. லேசாக இருக்கிறது என்று வாங்கிய பொருளுக்கு அந்தக் கனத்தைத் தூக்கிவைத்தபிறகு என்ன பயன்? இன்னொன்றையும் கவனியுங்கள்: மின் மோட்டராக இருந்தாலும், அதை ஓட்டுபவரிடம் படகு ஓட்டுநர் அட்டை இருக்க வேண்டும். பலர் பெற்றோல் மோட்டருக்கு மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். பரீட்சை எழுதி ஒருமுறை எடுத்தால் ஆயுள் முழுக்கச் செல்லும், ஆகவே எடுத்துவிடுங்கள்.

கூரையில் கட்டிக்கொண்டு போவது கனூ, துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய வள்ளம். அழகான சாமான். கெவ்லார் என்ற லேசான, உறுதியான இழையில் செய்த 16 அடி கனூ 20 கிலோ அளவில்தான் இருக்கும், ஒருவரே தோளில் தூக்கலாம். அல்கொன்குவின் மாகாணப் பூங்காவுக்குப் போகிறவர்களுக்கு வேறு யோசனையே தேவையில்லை, ஏனென்றால் அங்கே பெரும்பாலான ஏரிகளில் மோட்டருக்கு அனுமதி கிடையாது. ஆனால் குடும்பமாக மீன்பிடிக்க என்றால் எனக்கு அது ஒத்துவரவில்லை. வானின் கூரையில் கனூ ஏறினால் கூரைப்பெட்டி இறங்க வேண்டும், அந்தப் பெட்டிக்குள் போகும் படுக்கைப் பைகளும் தலையணைகளும் பிள்ளைகளின் காலடிக்கு வந்துவிடும். மீன் கொத்தியதும் மகள் எழும்பி நிற்பாள். ஏழு வயதுப் பிள்ளை எழும்பாமல் இருப்பாளா? கனூவில் அது கவிழ்வதற்கான நேரடி வழி. எல்லாவற்றுக்கும் மேலாக அம்மா ஏறமாட்டா. முழங்கால் வலியோடு ஆடிக்கொண்டிருக்கும் கனூவுக்குள் இறங்கு என்று அவவிடம் நான் சொல்லவும் முடியாது. அப்படி இரண்டு கோடைகள் அவ கரையில் தேத்தண்ணீரோடு தனியாக உட்கார்ந்திருந்தா.

வாடகைக்கு எடுப்பதை எல்லோரும் மட்டமாகப் பேசுகிறார்கள், அது சரியில்லை. ஆண்டுக்கு ஒருமுறை கூடாரம் போகிற குடும்பத்துக்கு அதுதான் புத்திசாலித்தனம். கராஜில் இடம் வேண்டாம், ட்ரெயிலர் இலக்கத்தகடு வேண்டாம், குளிர்காலத்துக்கு மோட்டரைத் தயார்ப்படுத்த வேண்டாம். ஓட்டுநர் அட்டை இல்லாவிட்டாலும், வாடகை இடத்தில் பாதுகாப்புப் பட்டியலைச் சொல்லித்தந்து நிரப்பிக் கையெழுத்து வாங்கினால், அந்த வாடகைக் காலத்துக்கு அதுவே போதும். குறை ஒன்றே ஒன்று, ஆனால் மீன்பிடிக்காரருக்கு அது பெரிய குறை. நான் எடுத்த இடங்களில் எல்லாம் காலை ஒன்பதுக்குத் திறந்து மாலை ஐந்தரை, ஆறுக்குப் படகைத் திருப்பிக் கேட்டார்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் விரும்பிச் சாப்பிடும் வால்ஐ மீனுக்கு, கண்ணின் பின்புறத்தில் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது, மங்கிய வெளிச்சத்தில் அதற்கு நன்றாகக் கண் தெரியும், இரை தேடி வருவதும் அந்த நேரத்தில்தான். விடிகாலையும் பொழுது சாய்ந்த பின்னரும் படகு இல்லையென்றால், நடு வெயிலில் சூரியமீனும் பாறை பாஸும்தான் மிச்சம். பிள்ளைகளுக்கு அது சந்தோஷம்தான், எனக்குப் போதவில்லை.

சரி, இழுத்துப்போகும் வள்ளத்துக்கு வருகிறேன். எங்களுடையது பழைய 14 அடி அலுமினியம், 9.9 குதிரைவலு மோட்டர். 9.9 என்ற கணக்குக்குக் காரணம் உண்டு. 10 குதிரைவலுவும் அதற்கு மேலும் என்றால் படகுக்கே தனி உரிம இலக்கம் எடுத்து இரு பக்கமும் ஒட்ட வேண்டும், இதற்கு வேண்டியதில்லை. வள்ளம், மோட்டர், ட்ரெயிலர், எரிபொருள் எல்லாம் சேர்த்தாலும் 400 கிலோவைத் தாண்டாது. சியன்னா, ஒடிசி போன்ற வான்களின் இழுவைத்திறன் 3,500 இறாத்தல், அதாவது 1,588 கிலோ. ஆகவே பாரம் ஒரு பிரச்சினையே இல்லை. இழுவைக் கொக்கியும் விளக்கு வயரும் பூட்டினால் சரி. ஏற்கெனவே கூடார ட்ரெயிலர் இழுப்பவர்களுக்கு இது பொருந்தாது, அவர்களுக்குக் கூரைதான் வழி.

பிரச்சினை ட்ரெயிலரின் சில்லுக்குள் இருக்கிறது. வாங்கிய முதல் கோடையில், 115ஆம் நெடுஞ்சாலையில் பீற்றர்பரோவுக்குப் போகும்போது பின்னால் கிறீச்சென்ற சத்தம். இறங்கித் தொட்டால் ஒரு பக்கச் சில்லின் நடுப்பகுதி கை வைக்க முடியாத சூடு. பெயரிங் போய்விட்டது. விற்றவர் எல்லாம் பார்த்ததாகச் சொல்லியிருந்தார், நான் திறந்து பார்க்கவில்லை. நெடுந்தூரம் ஓடிச் சூடான சில்லை உடனே குளிர்ந்த ஏரித் தண்ணீருக்குள் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்றுச் சுருங்கி, இறப்பர் சீலைத் தாண்டித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அந்தத் தண்ணீர் கிறீஸைக் கெடுத்து, குளிர்காலம் முழுக்க இரும்பைத் தின்னும். இப்போது ஒவ்வொரு வசந்தத்திலும் இரண்டு பக்கமும் கழற்றிப் புதுக் கிறீஸ் வைக்கிறேன், பூங்காவுக்குப் போனதும் கூடாரம் அடித்து முடித்து, சில்லு ஆறிய பின்னர்தான் வள்ளத்தை இறக்குகிறேன். சில்லுகள் சின்னவை, வானின் சில்லை விட எத்தனையோ தரம் கூடச் சுற்றுகின்றன, ஆகவே மணிக்கு 95 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை. உதிரிச் சில்லு ஒன்று எப்போதும் கூட வரும்.

பின்னோக்கி விடப் பழகுவதற்கு ஒரு ஞாயிறு காலை வெற்று வாகனத் தரிப்பிடம் போதும். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடியுங்கள். ட்ரெயிலர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, கையையும் அந்தப் பக்கம் நகர்த்துங்கள். இறங்குதுறைக்கு வருமுன்னரே ஓரமாக நின்று கட்டுகளை அவிழ்த்து, தண்ணீர் வடிக்கும் அடைப்பானைப் பூட்டி, உயிர்காப்பு அங்கிகளையும் போட்டுவிட்டால் பின்னால் நிற்பவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

நேரக் கணக்கைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னதாகிவிடும். வந்த நாள் பின்னேரம் ஒரு மணித்தியாலம், கிளம்பும் நாள் காலை ஒன்றரை மணித்தியாலம் வள்ளத்துக்கே போய்விடும். 2022 ஜனவரி முதல் ஒன்ராறியோவில், வள்ளத்தைத் தரை வழியே கொண்டுபோகுமுன் அடைப்பானைக் கழற்றித் தண்ணீரை வடிப்பதும், அடுத்த ஏரிக்குப் போகுமுன் ஒட்டியிருக்கும் களை, சிப்பி எல்லாவற்றையும் அகற்றுவதும் சட்டம். வெளியிலிருந்து வந்த சீப்ரா சிப்பி எத்தனை ஏரிகளில் பரவியது என்பதைப் பார்த்தவர்களுக்கு இது ஏன் என்று சொல்லத் தேவையில்லை. அந்த வேலையை மனைவி தனியாகக் கூடாரம் மடிக்கும் நேரத்தில் நான் செய்துகொண்டிருப்பேன், அது அவவுக்கு நியாயமில்லை. இரண்டு இரவுப் பயணத்துக்கு வேண்டாம் என்று சொன்னதன் காரணம் இதுதான். ஐந்து இரவில் அந்த இரண்டரை மணித்தியாலம் தெரியாது.

அதற்குப் பதிலாகக் கிடைப்பது என்னவென்றால், அம்மா வருவா. அகலமான அடிப்பகுதி ஆடாது, துறைமேடையில் கையைப் பிடித்து ஒரு அடி வைத்தால் நடு இருக்கையில் உட்கார்ந்துவிடுவா. எத்தனை பேர் ஏறலாம் என்று வள்ளத்தில் பதித்திருக்கும் தகட்டில் நாலு பேர் என்று போட்டிருப்பதால் ஐந்து பேரும் ஒன்றாகப் போவதில்லை. மாலையில் அம்மாவும் பிள்ளைகளும் நானும், விடிகாலையில் மகனும் நானும் மட்டும், மத்தியானம் மனைவியும் மகளும் என்னோடு தீவோரம். முதல் முறை எமிலி பூங்காவிலிருந்து பிஜன் ஆற்றில் இறங்கியபோது அம்மா தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு, பருத்தித்துறையில் தன் தகப்பனாரின் வள்ளத்தில் ஏறியதைப் பற்றிப் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னா. நானும் அதை முதல் முறை அப்போதுதான் கேட்டேன். அன்று பிடித்தது இரண்டு பேர்ச் மட்டும்.

இந்த ஆண்டு பல்சம் ஏரிப் பூங்காவில் ஐந்து இரவு பதிந்திருக்கிறோம், வள்ளம் வருகிறது. செப்டெம்பரில் அல்கொன்குவினில் இரண்டு இரவு, அதற்கு வாடகைக் கனூ. அம்மாவுக்கு அந்த இரண்டு நாளும் கரையில் நல்ல நிழலான இடமாகப் பார்த்துத்தான் பதிந்தேன்.