279 ரூபாய் கார் செட்: பேட்டரி மூடியைப் பார்க்காமல் குழந்தை கையில் கொடுக்காதீர்கள்

குழந்தைகளுக்கு ஆன்லைனில் குறைந்த விலையில் பில்டிங் செட் வாங்குகிறவர்கள் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். முக்கியமாக வீட்டில் தவழும் குழந்தை இருந்தால்.

தங்கை மகனுக்குப் போன மாதம் ஆறு வயது நிறைந்தது. கார் என்றால் அவனுக்கு உயிர். தாய்மாமன் கையால் ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று தேடியபோது சிவப்பு நிற ரேஸ் கார் செட் ஒன்று கண்ணில் பட்டது. 142 துண்டுகள், பின்னால் இழுத்து விட்டால் ஓடும், முன்விளக்கு எரியும், 4.3 நட்சத்திரம், விலை 279 ரூபாய். படத்தில் ஒரு பையன் அந்தக் காரை இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்திருந்தான். உடனே ஆர்டர் போட்டுவிட்டேன்.

வந்த பெட்டி சோப்பு டப்பாவை விடக் கொஞ்சம்தான் பெரிது. கட்டி முடித்தால் கார் 11 செ.மீ. நீளம் என்று பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. விற்பனைப் பக்கத்தில் அளவு எங்குமே இல்லை. சரி, சின்னதாக இருந்தால் என்ன, பையன் ஆசையாகக் கட்டட்டும் என்று பிறந்தநாள் அன்று காலையில் அவனோடு பாயில் உட்கார்ந்தேன்.

பிரித்ததுமே பெயின்ட் கடைக்குள் நுழைந்த மாதிரி ஒரு நெடி. துண்டுகளை எண்ணினால் 135தான் இருந்தன. ஒரு சக்கர அச்சும் முன் கண்ணாடியும் வரவே இல்லை. வழிமுறைத் தாளில் கறுப்பும் கருஞ்சிவப்பும் ஒரே நிறமாக அச்சாகியிருந்ததால் எந்தத் துண்டு எங்கே போகிறது என்று எனக்கே பிடிபடவில்லை.

அதைவிட மோசம், துண்டுகள் ஒன்றோடொன்று பிடிக்கவில்லை. பில்டிங் செட்டுக்குப் பேர்போன லெகோ கம்பெனியின் அளவில் செய்யும் துண்டுகளின் மேல் உள்ள குமிழ் 4.8 மி.மீ. விட்டம், குமிழுக்குக் குமிழ் இடைவெளி 8 மி.மீ. இதில் தலைமுடி அளவு பிசகினாலும் ஒன்று நுழையாது, இல்லை நுழைந்து கழன்றுவிடும். லெகோவின் பழைய காப்புரிமை காலாவதியாகிப் பல காலம் ஆகிறது. அதோடு பொருந்தும் துண்டுகளை யாரும் செய்யலாம், மலிவாகவும் நன்றாகவும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் விலை குறைவு என்பதைக் குற்றமாகச் சொல்லமாட்டேன். இவர்களுடைய வார்ப்பு சரியில்லை, அதுதான் குற்றம். சக்கரத்தை அச்சில் வைத்து அழுத்தினேன். பாதி நுழைந்து நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் 'டிக்' என்று ஒரு சத்தம். நடுக்குழியில் வெள்ளைக் கோடு ஓடி சக்கரம் பிளந்துவிட்டது. பிளந்த விளிம்பு பிளேடு மாதிரி என் விரல் நுனியைக் கீறியது. அதற்கு முன்பே பையன் கட்டைவிரல் சிவக்கச் சிவக்க ஒரு துண்டோடு போராடிக்கொண்டிருந்தான். "மாமா, நான் தப்பா அழுத்துறேனா?" என்று கேட்டான். அந்தக் கேள்விதான் எனக்குத் தாங்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளை தன் கையில்தான் குறை என்று நினைத்துவிட்டான்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். முன்விளக்குக்கு ஒரு குட்டிப் பெட்டி, அதற்குள் மூன்று பட்டன் பேட்டரி. மூடிக்குத் திருகாணி கிடையாது, நகத்தால் தள்ளினாலே திறக்கிறது. பையன் மடியிலிருந்து அது தரையில் விழுந்தது. மூடி ஒரு பக்கம், பேட்டரிகள் ஒரு பக்கம். இரண்டு உடனே கிடைத்தன. மூன்றாவதைக் காணவில்லை. தங்கையின் சின்னக் குழந்தைக்குப் பதினொரு மாதம், எது கிடைத்தாலும் வாயில்தான் போகும். தங்கை அவளைத் தூக்கி வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தாள். "அண்ணா, முழுங்கியிருப்பாளோ?" என்று அவள் கேட்டபோது குரலே வரவில்லை. பாயை உதறி, கட்டிலை நகர்த்தி, கால் மணி நேரம் கழித்துப் பீரோவுக்கு அடியில் கிடைத்தது.

பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் எச்சிலின் ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து, சுற்றியுள்ள சதையைக் காஸ்டிக் சோடா போல அரித்துவிடும். இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே பலத்த புண் ஆகலாம். 20 மி.மீ. அளவுள்ள லித்தியம் வகைதான் மிகவும் ஆபத்து. எங்களுடையது அதைவிடச் சின்னது, ஆனால் சின்னதும் மூக்கிலோ காதிலோ மாட்டினால் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம்தான் பெட்டியை ஒழுங்காகத் திருப்பிப் பார்த்தேன். முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை இந்தியாவில் கட்டாயம். முத்திரைக்கு மேலே ஐஎஸ் எண் (எந்தத் தர விதிப்படி செய்தது என்பதற்கான எண்), கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். சாதாரண பொம்மைக்கு ஐஎஸ் 9873, பேட்டரியில் இயங்கினால் ஐஎஸ் 15644. உரிம எண்ணை, இந்தத் தர முத்திரையைத் தரும் அரசு அமைப்பான பிஐஎஸ்ஸின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் அது யாருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று தெரிந்துவிடும். எங்கள் பெட்டியில் முத்திரை மாதிரி ஒரு படம் மட்டும் இருந்தது, மேலேயும் கீழேயும் எண்ணே இல்லை. எந்த நாட்டில் செய்தது, யார் இறக்குமதி செய்தது என்பதும் இல்லை.

நட்சத்திரத்தைப் பார்த்து நம்பியதும் தவறு. விமர்சனங்களைக் கீழே வரை படித்திருந்தால் "துணி நல்லா இருக்கு, சாயம் போகல" என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பேன். வேறு ஏதோ பொருளுக்கு வந்த விமர்சனங்களை இதில் ஏற்றியிருக்கிறார்கள். பெட்டிக்குள் ஒரு அட்டையும் இருந்தது: ஐந்து நட்சத்திரம் கொடுத்து ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் 50 ரூபாய்.

விற்பனையாளரிடம் கேட்டால், பெட்டியைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்க முடியாது என்று ஒரே பதில். பிரிக்காமல் துண்டுகளை எப்படி எண்ணுவது? தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினேன். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. நான்கு நாள் ஆகியும் பதில் இல்லாததால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து பதிவு செய்தேன். பிளந்த சக்கரம், மூடி, எண் இல்லாத முத்திரை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்திருந்தது உதவியது. ஒன்பதாவது நாள் பணம் திரும்பி வந்தது.

நேற்று தேடிப் பார்த்தேன். அதே படம், அதே பையன், இப்போது வேறு விற்பனையாளர் பெயரில் 249 ரூபாய்க்கு ஓடிக்கொண்டிருக்கிறது. நான் ரிப்போர்ட் செய்துவிட்டேன். உங்கள் கண்ணில் பட்டால் நீங்களும் செய்யுங்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் முதலில் அந்த விளக்குப் பெட்டியைக் கழற்றி எடுத்துவிடுங்கள்.