மதுரை–சென்னை காலை விமானம்: விமானிகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு விற்ற டிக்கெட்

இந்தக் கம்பெனியின் டிக்கெட்டை இப்போதைக்கு வாங்காதீர்கள். விமானிகளோடு நடக்கும் சம்பளப் பேச்சுவார்த்தை முடிந்து, வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் வேலைக்குத் திரும்பட்டும், பிறகு பார்க்கலாம். பெயரை நான் இங்கே எழுதவில்லை. மதுரையிலிருந்து சென்னைக்குப் பறக்கிறவர்களுக்கு எது என்று விசாரித்துத் தெரிந்துகொள்வது பெரிய காரியமல்ல.

தம்பி மகளுக்குச் சென்னையில் மாலை நிச்சயதார்த்தம். எனக்கும் மனைவிக்கும் காலை விமானத்தில் முன்கூட்டியே டிக்கெட் எடுத்திருந்தோம். மதுரைப் பெருங்குடியில் ஆட்டோ விமான நிலையச் சாலைக்குத் திரும்பும்போது குறுஞ்செய்தி வந்தது. ‘செயல்பாட்டுக் காரணங்களால்’ விமானம் ரத்தாம். அதற்குமேல் ஒரு வரி விளக்கம் இல்லை.

கவுண்ட்டரில் ஒரே ஒரு பெண். சுற்றிலும் எங்களைப் போன்றவர்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். துபாய் விமானத்தைச் சென்னையில் பிடிக்க வேண்டிய ஒரு பையன் அழாத குறையாக நின்றான். அந்தப் பெண் நாற்காலியில் உட்காரவே இல்லை. ஒரு நோட்டில் ஒவ்வொருவர் பெயரையும், அவர் எத்தனை மணிக்குச் சென்னையில் இருந்தாக வேண்டும் என்பதையும் எழுதி, அவசரக்காரர்களை முதலில் அழைத்து வேறு கம்பெனி விமானத்தில் இடம் கேட்டுக்கொண்டிருந்தார். துபாய்ப் பையனுக்கு இடம் கிடைத்தது. "ஐயா, நானும் காலையில் வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று என்னிடம் சொன்னபோது அவர் குரல் கம்மியிருந்தது. அவர் செய்யாத தவறுக்கு அவர் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

எங்களுக்கு அன்று இடமில்லை. பணத்தைத் திருப்பித் தராமல் ‘கிரெடிட்’ என்று கணக்கில் போட்டுவைக்கப் பார்த்தார்கள். அப்படிப் போட்டுவைப்பதா வேண்டாமா என்பதைப் பயணிதான் முடிவு செய்ய வேண்டும் என்று, விமானக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதி தெளிவாகச் சொல்கிறது. அதை எடுத்துச் சொன்ன பிறகு பணம் வந்தது. பிற்பகல் தேஜஸ் ரயிலில் இடம் பிடித்து மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தட்டு மாற்றி, பந்தியும் முடிந்திருந்தது.

நான் மில்லில் ஸ்பின்னிங் பகுதியில் வேலை பார்த்தவன், சங்கப் பொறுப்பிலும் இருந்தவன். ‘செயல்பாட்டுக் காரணம்’ என்றால் எனக்குத் திருப்தி வராது. மில்லில் என்னோடு வேலை செய்த ஒருவருடைய மகள் அந்த விமானக் கம்பெனியில் துணை விமானி. விசாரித்தேன். "பெரியப்பா, நான் சம்பளமில்லா விடுப்பில் வீட்டில்தான் இருக்கிறேன்" என்றாள். எத்தனை மணி நேரம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் இவ்வளவு மணி நேரத்துக்குச் சம்பளம் உறுதி என்று ஒரு கணக்கு உண்டு. அதைக் குறைக்க நிர்வாகம் கேட்டிருக்கிறது, விமானிகள் மறுத்திருக்கிறார்கள். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும்போதே இளையவர்களாகப் பார்த்துச் சம்பளமில்லா விடுப்புக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். 2024-இல் விஸ்தாரா விமானக் கம்பெனியிலும் இதே உறுதிச் சம்பளத்தை 70 மணி நேரத்திலிருந்து 40 ஆக்கியபோதுதான் விமானிகள் கொதித்தார்கள், விமானங்கள் வரிசையாக ரத்தாயின.

வேறு கம்பெனிக்குப் போகலாமே என்று கேட்டேன். டி.ஜி.சி.ஏ.வின் 2017 விதிப்படி துணை விமானி ஆறு மாதமும் கேப்டன் ஒரு வருடமும் முன்னறிவிப்புத் தர வேண்டும். சம்பளம் தராமல் உட்கார வைத்த நிர்வாகத்துக்கே அந்த ஆறு மாத அறிவிப்பையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. பயிற்சிக்கு வாங்கிய கடனுக்கு மாதத் தவணை நிற்கவில்லை.

பயணிகள் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. 90 நாளில் மூன்று முறையாவது விமானத்தை ஏற்றி இறக்கியிருந்தால்தான் ஒரு விமானி பயணிகளோடு பறக்க முடியும். அது தவறினால் மறுபடி சிமுலேட்டர் என்ற பயிற்சிக் கருவியில் உட்கார்ந்து தகுதியைப் புதுப்பிக்க வேண்டும். ஆகவே நாளைக்கே சமரசம் ஏற்பட்டாலும் மறுநாள் காலை எல்லா விமானமும் பறந்துவிடாது. மிச்சமிருக்கிற விமானிகளையும் இழுத்த இழுப்புக்கு ஓட்டச் சொல்ல முடியாது. 36 மணி நேரமாக இருந்த வார ஓய்வு 2025 ஜூலையிலிருந்து 48 மணி நேரம். அது சரியான விதி, தூக்கக் கலக்கத்தில் ஒருவர் ஓட்டும் விமானத்தில் ஏற எனக்குச் சம்மதமில்லை. அந்த விதிகளுக்குப் போதுமான ஆள் இல்லாமல் 2025 டிசம்பரில் நாடு முழுக்க விமான நிலையங்கள் பட்ட பாட்டைப் பார்த்தோம். அதைப் பார்த்த பிறகும் ஆளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

மில்லில் நாங்கள் லே-ஆஃப் பார்த்திருக்கிறோம். பஞ்சு இல்லை, மின்சாரம் இல்லை என்று நிறுத்துவார்கள். ஆனால் அப்போதிருந்த 1947 தொழில் தகராறு சட்டப்படி, ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்த நிரந்தரத் தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி கொடுத்தாக வேண்டியிருந்தது. நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் மாற்றாக வரும் பதிலிகளுக்குத்தான் ஒன்றும் கிடைக்காது. இத்தனை படித்து, இத்தனை உயிர்களைச் சுமக்கிற பிள்ளைகளை இந்தக் கம்பெனி பதிலி நிலைக்குத் தள்ளியிருக்கிறது. அமெரிக்காவிலும் லே-ஆஃப் உண்டு. அங்கே கடைசியில் சேர்ந்தவர் முதலில் போவார், திரும்ப அழைப்பதும் பணிமூப்புப் பட்டியல்படிதான். 2020-இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் சுமார் 2,850 விமானிகளை அனுப்ப இருந்தபோது, சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டுப் பறக்கும் நேரத்தை எல்லோருக்கும் குறைத்துப் பங்கிட்டார்கள். மனமிருந்தால் வழி இருக்கிறது.

நஷ்டஈடு கேட்டேன். முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால், ஒன்று முதல் இரண்டு மணி நேரப் பயணத்துக்கு 7,500 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இதில் எது குறைவோ அது. ‘தொழிலாளர் தகராறு, எங்கள் கட்டுப்பாட்டில் இல்லாதது’ என்று பதில் வந்தது. விதியில் அப்படி ஒரு விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் இங்கே விமானிகள் வேலைநிறுத்தம் செய்யவில்லை. வேலைக்கு வரத் தயாராக இருந்தவர்களை நிர்வாகமே கடிதம் கொடுத்து நிறுத்தியது. தானே பூட்டிய கதவைக் காட்டிக் கட்டுப்பாட்டில் இல்லை என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

திரும்பும் பயணத்துக்கு இதே கம்பெனியில் எடுத்திருந்த டிக்கெட் தப்பியது. சின்ன விமானம், சுத்தமாக இருந்தது, நேரத்துக்குக் கிளம்பியது. குறுக்குக் காற்றிலும் கேப்டன் பூப்போல இறக்கினார். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுக்கிறேன். ஒன்று அந்தக் கேப்டனுக்கு, மற்றது கவுண்ட்டர் பெண்ணுக்கு. நிர்வாகத்துக்கு ஒன்றுமில்லை.

இதே வழித்தடத்தில் டிக்கெட் வைத்திருப்பவர்கள், சமரசச் செய்தி வந்த பிறகும் சில வாரங்களுக்கு ரயிலிலும் ஒரு இடம் போட்டுவையுங்கள். விமானப் பயணிகளுக்கான அரசின் புகார்த் தளமான ஏர்சேவாவில் நான் புகார் பதிந்திருக்கிறேன். அதில் கேட்டிருப்பது ஒரே கேள்வி: விமானிகளுக்கு விடுப்புக் கடிதம் கொடுத்த தேதி எது, அதற்குப் பிறகும் அந்தக் காலை விமானத்துக்கு டிக்கெட் விற்றீர்களா? நீங்களும் அதையே கேளுங்கள்.